ஐஸ்லாந்து: ஈரலில் நீர்க்கட்டி ஒழிந்த கதை

19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஈரலில் நீர்க்கட்டியோடு நடமாடியவர்கள் ஐஸ்லாந்தில் இருந்த அளவுக்கு வேறெந்த நாட்டிலும் இருந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவில்லை. வட அட்லாண்டிக்கில் ஒதுங்கிக் கிடந்த அந்தத் தீவு அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. மக்கள்தொகை 70,000-ஐக்கூட எட்டவில்லை. ஆடுகளோ பல லட்சம். வலது விலாவுக்குக் கீழே வயிறு மெல்ல மெல்லப் புடைத்து வருவதும், ஆண்டுக்கணக்கில் அதைச் சுமந்தபடி ஆண்களும் பெண்களும் பண்ணை வேலை பார்ப்பதும், ஒருநாள் கட்டி உடைந்து உயிர் போவதும் அங்கே ஊருக்கு ஊர் தெரிந்த சங்கதி.

ஈரலிலும் சிறுநீரகத்திலும் வரும் நீர்க்கட்டிகள் எல்லாம் ஒரே சாதியல்ல. வயது ஏறும்போது சிறுநீரகத்தில் தானாகத் தோன்றும் எளிய கட்டி பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். பரம்பரையாக வரும் பல்கட்டிச் சிறுநீரக நோயில் இரண்டு சிறுநீரகங்களும், பலருக்கு ஈரலும் சேர்ந்து, கட்டிகளால் நிறைந்துபோகும். ஐஸ்லாந்தை வாட்டியது இவை இரண்டும் அல்ல. அது ஒரு நாடாப்புழு வளர்க்கும் கட்டி. அந்தப் புழுவுக்கு எக்கினோகாக்கஸ் என்று பெயர். கட்டியை மருத்துவர்கள் ஹைடாடிட் கட்டி என்பார்கள்.

புழு வாழ்வது நாயின் குடலில். நாடாப்புழு என்றதும் முழநீளத்துக்கு ஒன்றை நினைக்க வேண்டாம். இது ஒரு சென்டிமீட்டர்கூட வராத, மூன்று நான்கு கணுக்கள் மட்டுமே கொண்ட பூச்சி. ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய்க்கு ஒரு கெடுதலும் தெரியாது. முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். குளிரும் ஈரமும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புல் மேயும் ஆடு அதை விழுங்கும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் மனிதரும் விழுங்குவார். குடலில் முட்டை பொரிந்து வெளிவரும் கரு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கும். குடலின் இரத்தமெல்லாம் முதலில் ஈரலுக்குப் போவதால், மனிதருக்கு வரும் கட்டிகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஈரலிலேயே தங்கிவிடுகின்றன. அதைத் தாண்டியவற்றில் பெரும்பகுதியை நுரையீரல் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் வரை போய்ச் சேர்பவை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான்.

தங்கிய இடத்தில் கரு ஒரு பையாகிறது. அவசரமில்லாத வளர்ச்சி, எலுமிச்சை அளவைத் தொடவே சில ஆண்டுகள் பிடிக்கும், இருபது ஆண்டில் குழந்தையின் தலையளவும் ஆகலாம். முற்றிய கட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே பளிங்குபோலத் தெளிந்த நீர். அந்த நீரில் மிதக்கும் குட்டிக் கட்டிகள் தோல் நீக்கிய நுங்குச்சுளை மாதிரி வழுவழுவென்று இருக்கும். அடியில் மணல்போலப் படிந்திருக்கும் துகள்கள்தான் விவகாரமே: ஒவ்வொரு துகளும் ஒரு புழுத்தலை. செத்த ஆட்டின் ஈரலை நாய் தின்றால் அந்தத் தலைகள் நாயின் குடலில் புழுவாகி வட்டம் முழுமையடையும். கட்டி மனிதரின் வயிற்றுக்குள் உடைந்தாலும் ஆபத்துதான்; சிந்திய நீர் கடும் ஒவ்வாமையைக் கிளப்பி நிமிடங்களில் கொல்லலாம், தப்பினால் சிதறிய ஒவ்வொரு தலையும் புதுக் கட்டியாக முளைக்கலாம். சிறுநீரகத்துக் கட்டி சிறுநீர்ப் பாதைக்குள் உடையும்போது குட்டிக் கட்டிகளும் சவ்வுத் துண்டுகளும் சிறுநீரோடு வெளிவருவதுண்டு. ஸ்கேன் இல்லாத காலத்தில் உள்ளே இருப்பது இன்னதென்று சந்தேகமறக் காட்டிய அடையாளங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கட்டி புதிதல்ல. ஈரலில் நிறைந்த நீர் வயிற்றுக்குள் உடைந்தால் நோயாளி பிழைப்பதில்லை என்ற கவனிப்பு ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் மருத்துவ வாக்கியங்களிலேயே இருக்கிறது. அறுக்கப்பட்ட விலங்குகளின் ஈரலில் இப்படிப்பட்ட கட்டிகள் இருப்பதை காலன் எழுதியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடியும் இங்கிலாந்தில் எட்வர்ட் டைசனும் இது ஏதோ ஓர் உயிரினத்தின் வேலை என்று ஊகித்தார்கள். 1782-இல் ஜெர்மானியப் பாதிரியார் கோட்சே கட்டியின் மணலைப் பெரிதாக்கிப் பார்த்து அதில் நாடாப்புழுவின் தலையைக் கண்டார். ஆனால் அந்தத் தலை எங்கே போய் முழுப்புழுவாகிறது என்பது இன்னும் எழுபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1850-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய விலங்கியலாளர் ஸீபோல்ட் ஆட்டின் கட்டிகளை நாய்களுக்குத் தின்னக் கொடுத்தார். சில வாரம் கழித்து நாய்களை அறுத்தபோது குடல் முழுக்கச் சின்னஞ்சிறு புழுக்கள்.

ஐஸ்லாந்தில் நோய் எப்போது நுழைந்தது என்பதற்கு மண்ணே ஓரளவு சாட்சி சொல்கிறது. நாட்டின் கிழக்கே ஸ்கிரிதுக்ளோய்ஸ்துர் என்ற இடத்தில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு மடம் இயங்கியது. நோயாளிகளைப் பராமரித்த மடம். 2002-இல் தொடங்கிய அகழாய்வில் அதன் இடுகாட்டுக் குழிகளில் எலும்புக்கூடுகளின் நடுவே சுண்ணாம்பாக இறுகிப்போன கட்டிகள் கிடைத்தன. ஆக, டேனிஷ் மருத்துவர்கள் வந்து பெயர் சூட்டுவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நோய் வேரூன்றிவிட்டது.

வேரூன்றியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அன்றைய ஐஸ்லாந்தின் பண்ணை வீடு புல்தரைக் கட்டிகளை அடுக்கி எழுப்பியது. மரம் அரிது, விறகு அரிது. குளிர்காலம் முழுவதும் மனிதர்களும் நாய்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மூடியிட்ட மரக்கிண்ணத்தில் சாப்பிட்டு முடித்ததும் அதை நாயின் முன் வைப்பதுண்டு. தண்ணீர் சுட வைப்பதற்குக்கூட எரிபொருளை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் நாயின் நாக்குதான் பாத்திரம் துலக்கியது. நாயில்லாமல் பிழைப்பும் இல்லை. மலையில் தன்போக்கில் மேய்ந்த ஆடுகளை இலையுதிர் காலத்தில் மடக்கிக் கொண்டுவர நாய் வேண்டும். வேலியில்லாத வைக்கோல் வயலிலிருந்து ஆட்டையும் குதிரையையும் துரத்தவும் நாய் வேண்டும். இலையுதிர் காலம்தான் அறுப்புக் காலமும். குளிர்காலத்துக்கான இறைச்சிக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஆடு அறுபடும். பால் வற்றிய கிழட்டுப் பெண்ணாடுகளே அதில் நிறைய, முற்றிய கட்டிகள் இருப்பதும் அவற்றில்தான். மனிதர் தின்னத் தகாத ஈரலும் நுரையீரலும் வாசலில் காத்திருந்த நாய்களுக்கு.

பெண்களிடையே நோய் ஆண்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. கோடையில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, இலையுதிர் காலம் வரை பெண்ணாடுகளைப் பட்டியில் அடைத்துப் பால் கறப்பது அங்கே நூற்றாண்டுக் கணக்கான வழக்கம். கறப்பவர்கள் பெண்கள். நாய்கள் புழங்கிய மண்ணில் படுத்தெழுந்த ஆட்டின் மடியைப் பிடித்த கையே வீட்டில் சமைக்கவும் செய்தது. இந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

அன்றைய ஐஸ்லாந்து மருத்துவர்கள் இதைப் பொதுவாக ஈரல் நோய் என்றுதான் அழைத்தார்கள். 1847-இல் டேனிஷ் அரசு பீட்டர் ஷ்லைஸ்னர் என்ற இளம் மருத்துவரை நாட்டின் சுகாதார நிலையை ஆராய அனுப்பியது. அந்த ஈரல் நோய் உண்மையில் ஹைடாடிட் கட்டியே என்று 1849-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். ஏழு பேருக்கு ஒருவர் இந்த நோயோடு வாழ்கிறார் என்ற மதிப்பீட்டையும் அதில் சேர்த்தார். ஐரோப்பிய மருத்துவ உலகம் திடுக்கிட்டது இந்த எண்ணைப் பார்த்துத்தான். எண் மிகையானது என்பது பின்னால் தெரிந்தது. வடக்கே அகுரேய்ரி வட்டாரத்தில் பத்தாண்டு மருத்துவம் பார்த்த யோன் ஃபின்சென், தாமே பார்த்த நோயாளிகளைக் குறித்து வைத்துக் கணக்கிட்டபோது 43 பேருக்கு ஒருவர் என்று வந்தது. 1882-இல் இந்த நோயைப் பற்றியே ஆய்வேடு எழுதிய யோனாஸ் யோனாசென் 61 பேருக்கு ஒருவர் என்றார். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஒரு நாட்டின் மக்கள்தொகைக்கு இது பயங்கரமான விகிதம்.

1863-இல் வந்தவர் ஹரால்ட் கிராபே. கோபன்ஹேகன் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர், வயது முப்பத்திரண்டு. அவர் செய்த முதல் வேலை நாய்களை அறுத்துப் பார்ப்பது. ஐஸ்லாந்தில் 100 நாய்களின் குடலைத் திறந்து பார்த்தார்; 28 நாய்களில் எக்கினோகாக்கஸ் இருந்தது. கோபன்ஹேகன் நாய்களிலும் அவர் இதே சோதனையைச் செய்திருந்தார். அங்கே நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. நோயின் ஊற்று எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்திருக்காது. அவரும் ஃபின்செனும் சேர்ந்து மனிதரிடமிருந்து எடுத்த கட்டியை நாய்க்குக் கொடுத்தும் புழுவை வளர்த்துக் காட்டினார்கள். அதே ஆண்டு பெர்லினில் நவ்னினும் இதையே நிறுவினார். ஆட்டில் இருப்பதும் மனிதரில் இருப்பதும் ஒரே புழு என்பதில் அதற்குமேல் வாதமில்லை.

கிராபே தம் முடிவுகளை அறிஞர்களுக்கான நூலாக எழுதியதோடு நிற்கவில்லை. 1864-இல் ஐஸ்லாந்து மொழியில் ஒரு சிற்றேடு வெளியிட்டார். அரசுச் செலவில் அச்சாகி, வீடு வீடாக இலவசமாகப் போனது. புழு எங்கே வாழ்கிறது, கட்டி எப்படி வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் பண்ணைக்காரருக்குப் புரியும் நடையில் இருந்தது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி. தேவைக்கு மேல் நாய் வைக்காதே. இருக்கும் நாய்க்குப் புழு மருந்து கொடு. நாயைச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் கிட்டே விடாதே. சாரம் இவ்வளவுதான்.

இந்தச் சிற்றேட்டை வேறொரு நாட்டில் விநியோகித்திருந்தால் அடுப்பெரிக்கப் பயன்பட்டிருக்கலாம். ஐஸ்லாந்தில் பண்ணைக் கூலிகூட வாசிக்கத் தெரிந்தவராக இருந்தார். நீண்ட குளிர்கால இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கம்பளி நூற்றபடியும் பின்னியபடியும் கேட்பது வீட்டு வழக்கம். புதிதாக அச்சில் வந்த எதுவும் அந்தக் கூட்டத்தில் படிக்கப்படாமல் போகாது. மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில் இருந்த நாட்டில் அந்த இரவு வாசிப்புதான் மருத்துவரின் வேலையைச் செய்தது. கிராபே பிறகும் அந்த நாட்டோடு உறவை விடவில்லை. ரேக்யவிக் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் மகளையே மணந்தார். அவர்களுடைய மகன்களில் ஒருவர் நரம்பியல் மருத்துவரான க்னுட் கிராபே. மருத்துவ நூல்களில் இன்று கிராபே நோய் என்று குறிக்கப்படுவது மகன் விவரித்த, முற்றிலும் வேறான குழந்தை நோய்; தந்தையின் பெயர் எந்த நோயிலும் ஒட்டிக்கொள்ளவில்லை.

சட்டமும் வந்தது. 1869-இல் பிறப்பித்த ஆணை தேவைக்கு மேற்பட்ட நாய்களுக்கு வரி விதித்தது, கட்டிகளை அழிக்கச் சொன்னது. ஏட்டில் இருந்த அளவுக்கு அது நடப்பில் இல்லை. எந்த நாய் தேவை, எந்த நாய் மிகை என்பதைப் பண்ணைக்காரரிடமே கேட்டால் வேறென்ன பதில் வரும்? 1890-இல் வந்த சட்டம் இன்னும் கறாரானது. ஒவ்வோர் ஊராட்சியும் நாய்களுக்கு ஆண்டுதோறும் புழு மருந்து கொடுக்க ஆள் நியமிக்க வேண்டும் என்றது. அறுப்புக் காலம் முடிந்ததும் சுற்றுவட்டார நாய்களையெல்லாம் ஒதுக்குப்புறமான ஒரு சிறு கொட்டிலில் அடைப்பார்கள். பட்டினி போட்டு, மருந்தை வாயில் திணித்து, பேதியாகும்வரை அங்கேயே வைத்திருந்து, பிறகு குளிப்பாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். நாய்களுக்கும் பிடிக்காத வேலை, கொடுப்பவருக்கும் பிடிக்காத வேலை. இந்தக் கொட்டில்களின் இடிபாடுகள் சில ஐஸ்லாந்துக் கிராமப்புறத்தில் இன்றும் உள்ளன.

வந்துவிட்ட கட்டிக்கு என்ன செய்வது என்பது தனிக் கதை. கிருமிநீக்க அறுவை வருவதற்கு முன் வயிற்றைத் திறப்பது மரண தண்டனைக்குச் சமம். ஃபின்செனும் அவருடைய காலத்தவரும் பாரிஸ் மருத்துவர் ரெகாமியேயின் வழியைப் பின்பற்றினார்கள். கட்டி புடைத்து நிற்கும் இடத்தில் தோலின்மேல் காரப்பசையை வைத்து வெந்து கருகவிடுவார்கள். கருகியதை நீக்கி மறுபடி வைப்பார்கள். வாரக்கணக்கில் இப்படி அடுக்கடுக்காக உள்ளே போவார்கள். வெந்த இடத்தின் அழற்சியால் கட்டியின் சுவர் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கட்டி திறந்தால் நீர் வயிற்றுக்குள் சிந்தாமல் வெளியே வடியும். குரூரமாகத் தோன்றினாலும் அதன் பின்னிருந்த தர்க்கம் சரியானது. இன்றைய அறுவை மருத்துவரும் முதலில் கவலைப்படுவது நீர் சிந்திவிடக் கூடாதே என்றுதான்.

நூற்றாண்டின் திருப்பத்தில் ரேக்யவிக்கில் குட்முண்டுர் மாக்னுஸ்ஸோன் முறையான அறுவையைக் கொண்டுவந்தார். 1913-இல் தாம் செய்த 214 ஹைடாடிட் அறுவைகளைப் பற்றி ஜெர்மன் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். அவ்வளவு சிறிய நாட்டில் ஒரே மருத்துவரின் கை வழியே இத்தனை கட்டிகள். அவரிடம் பயின்ற தலைமுறைக்கோ வேலை குறைந்துகொண்டே வந்தது. அவர்கள் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பழைய தலைமுறையின் முதியவர்கள்.

நோய் குறைந்த பெருமை சிற்றேட்டுக்கா, சட்டத்துக்கா என்ற விவாதத்தில் ஆட்டு வியாபாரத்தை மறப்பது எளிது. 1870-கள் முதல் ஸ்காட்லாந்து வணிகர்கள் ஐஸ்லாந்திலிருந்து ஆடுகளை உயிரோடு வாங்கிக் கப்பலேற்றினார்கள். வயது முதிர்ந்த ஆட்டோடு அதன் ஈரல் கட்டியும் கப்பலேறியது. பண்ணை நாய்க்கு மிச்சமில்லை. 1896-இல் பிரிட்டன் நோய்ப் பரவலுக்கு அஞ்சி, வெளிநாட்டுக் கால்நடைகளைத் துறைமுகத்திலேயே அறுத்தாக வேண்டும் என்று சட்டமாக்க, உயிர் ஆட்டு ஏற்றுமதி படுத்துவிட்டது. ஐஸ்லாந்துக்காரர்கள் உப்பிட்ட இறைச்சிக்கு மாறினார்கள். தரமான உப்பிறைச்சிக்கு வீட்டு வாசல் அறுப்பு ஒத்துவராது. கூட்டுறவு அறுப்புக் கூடங்கள் எழுந்தன. தென் பகுதி விவசாயிகளின் கூட்டுறவு 1907-இல் தொடங்கப்பட்டது. அறுப்புக் கூடத்தின் வாசலில் நாய்க்கு இடமில்லை, கழிவு புதைகுழிக்குப் போனது.

அதே காலத்தில் குட்டிகளைப் பிரித்துப் பால் கறக்கும் பழைய வழக்கமும் தேய்ந்தது. குட்டிகள் தாயோடு மலையில் மேய்ந்து கொழுத்து, நான்கைந்து மாத வயதிலேயே அறுப்புக்கு வந்தன. அந்த வயதில் ஆட்டின் உடலில் கட்டி இருந்தாலும் புழுத்தலை உருவாகியிருக்காது. நாய் தின்றாலும் புழு வளராது. வயல்களுக்குக் கம்பி வேலி வந்தபின் காவலுக்கு அத்தனை நாயும் தேவைப்படவில்லை. எவரும் நோயை மனத்தில் வைத்து இவற்றைச் செய்யவில்லை. ஆனால் புழுவின் வட்டத்தை இவை நான்கைந்து இடங்களில் அறுத்துவிட்டன. இதெல்லாம் இல்லாமல் 1890-இன் மருந்துக் கொட்டில்கள் மட்டும் நோயை ஒழித்திருக்கும் என்று நம்புவது கடினம். அன்றைய மருந்துகள் எல்லாப் புழுவையும் வெளியேற்றும் வலிமை கொண்டவையல்ல.

எப்போது குறைந்தது என்பதைக் காட்டியவர் நோயியல் மருத்துவர் நீல்ஸ் டுங்கால். 1930-களிலிருந்து ரேக்யவிக்கில் நடந்த பிரேதப் பரிசோதனைகளை இறந்தவர் பிறந்த பத்தாண்டு வாரியாக அவர் அடுக்கினார். இறுகிப்போன பழைய கட்டிகூட உடலில் தடயம் விட்டிருக்கும் என்பதால் இந்தக் கணக்கு நம்பத்தக்கது. 1860-களில் பிறந்தவர்களில் கட்டி மலிந்திருந்தது. அடுத்தடுத்த பத்தாண்டில் பிறந்தவர்களில் படிப்படியாகக் குறைந்தது. 20-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்களில் மிக அரிதாகிவிட்டது. சரிவு தொடங்கியது சிற்றேடு வந்த தலைமுறையிலேயே என்பதால், டுங்கால் கிராபேயின் சிற்றேட்டுக்கே பெரும் பங்கைக் கொடுத்தார். வியாபார மாற்றங்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை என்பது அவர் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. தொடங்கி வைத்தது சிற்றேடு, முடித்து வைத்தது அறுப்புக் கூடம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதே உண்மைக்கு நெருக்கம்.

நோய் குறைந்த பிறகும் அச்சம் குறையவில்லை. 1924-இல் ரேக்யவிக் நகருக்குள் நாய் வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. ஹைடாடிட் கட்டி அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். தடை அறுபது ஆண்டு நீடித்தது. 1984-இல் நாட்டின் நிதியமைச்சரே நகரில் நாய் வைத்திருந்தது பெரும் செய்தியாகி, அவர் நாட்டைவிட்டே போனாலும் போவேன், நாயைக் கைவிட மாட்டேன் என்ற நிலைக்கு வந்தார். உரிமம் பெற்று நாய் வளர்க்கலாம் என்று அதே ஆண்டு விதி தளர்ந்தது.

ஐஸ்லாந்தின் அனுபவம் தெற்கே வெகுதூரம் பயணப்பட்டது. நியூசிலாந்தில் அறுவை மருத்துவர் லூயி பார்னெட் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கட்டிக்கெதிரான பிரசாரத்தில் கழித்தார். 1959-இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1960-களில் இயக்கம் தொடங்கியது. அதில் முன்னின்ற டிரெவர் பியர்ட் ஐஸ்லாந்தின் வரலாற்றை ஆராய்ந்து 1973-இல் உலக சுகாதார நிறுவன இதழில் எழுதினார். இரண்டு இடத்திலும் நாய்களுக்குக் கொடுத்தது அரிகோலின், பாக்கிலிருந்து கிடைக்கும் சத்து. அது புழுவைக் கொல்வதைவிடப் பேதியோடு வெளியே தள்ளுவதில்தான் தேர்ந்தது. ஆகவே எந்த நாய்க்குப் புழு இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் உதவியது. புழுவை முழுமையாகக் கொல்லும் பிராசிகுவான்டல் 1970-களில்தான் வந்தது. டாஸ்மேனியா 1996-இலும் நியூசிலாந்து 2002-இலும் தற்காலிகமாக நோயற்றவை என அறிவித்துக்கொண்டன.

அதே காலகட்டத்தில் சிகிச்சையும் மாறியது. அல்ட்ராசவுண்ட் வந்ததும் கட்டியை அறுக்காமலே பார்க்க முடிந்தது. துனீசிய மருத்துவர் கார்பி 1981-இல் கட்டிகளை அவற்றின் ஸ்கேன் தோற்றப்படி வகைப்படுத்தினார். அல்பெண்டசோல் மாத்திரையும், ஊசியால் நீரை உறிஞ்சி மருந்து செலுத்தி மறுபடி உறிஞ்சும் முறையும் பலரை அறுவையிலிருந்து காப்பாற்றுகின்றன. நோய் இல்லாமல் போகவில்லை. மத்தியத்தரைக்கடல் நாடுகள், கிழக்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா, தென் அமெரிக்காவின் ஆட்டு மேய்ச்சல் நிலங்கள், தமிழ்நாடும் ஆந்திரமும் உட்பட இந்தியாவின் பல பகுதிகள் என எங்கெல்லாம் அறுப்புக் கழிவு நாய்க்கு எட்டுகிறதோ அங்கெல்லாம் ஈரல் கட்டியோடு நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐஸ்லாந்தில் கட்டியுள்ள ஆடு கடைசியாகக் கண்டறியப்பட்டது 1979-இல், நாட்டின் கிழக்கே. அதன்பின் அறுப்புக் கூடங்களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஆடுகளின் ஈரலும் நுரையீரலும் பார்க்கப்பட்டு வருகின்றன. நாய்களுக்கு ஆண்டுதோறும் புழு மருந்து கொடுக்கும் கட்டாயம் இன்றும் தொடர்கிறது; வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் நாய் நாடாப்புழு மருந்து பெற்று, தனிமைப்படுத்தும் கூடத்தில் இருந்த பிறகே உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது.